பொருள்: பாலம் கோருதல் தொடர்பாக

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் உறுத்தலில் பிறந்தது. என்ன உறுத்தல் என்பதை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் உங்களுக்கு என்மேல் மதிப்புப் போய்விடும். மதிப்பில்லாத ஆள் சொல்கிற கதையை எவர் உட்கார்ந்து கேட்பார்?

இது ஒரு தேர்தல் கதை. ஒரே வார்டு, ஒரே பெண், மூன்று தோல்வி. நான்காவது தேர்தலுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. ஆகவே முடிவு தெரியாமல்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். புத்தியுள்ளவன் பத்தொன்பது நாள் பொறுத்திருப்பான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பத்திரிகைக்காரர்கள் தட்டச்சு செய்து அனுப்பு என்கிறார்கள். எனக்கோ கணினியை இயக்கவே தெரியாது. எங்கள் பக்கத்தில் தட்டச்சு செய்து தருகிற கடை ஒன்றே ஒன்றுதான். அந்தக் கடைக்காரர்தான் இந்தக் கதையின் நாயகி.

அதாவது, நான் அவரைப் பற்றி எழுதுவதை அவரே தட்டித் தர வேண்டும். போய்க் கேட்டேன். ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். தப்பு இருக்கிற இடத்தில் சதுர அடைப்புக்குள் அவர் திருத்தம் போடுவார், அதில் நான் கை வைக்கக் கூடாது. எத்தனை திருத்தம் வந்துவிடப் போகிறது என்று தலையை ஆட்டிவிட்டேன்.

[கோழி கிளறினது மாதிரின்னு சொல்லாதீங்க சார். கோழி கிளறினா அதுல ஒரு ஒழுங்கு இருக்கும்.]

ஆரம்பித்துவிட்டார்.

2

ஆரம்பம் ஒன்று:

"கால்வாயின் மேல் இளங்காலைச் சூரியன் தன் பொற்கதிர்களை வாரி—"

[இதோட நிறுத்திட்டேன். சூரியன் எல்லா வார்டுலயும்தான் வருது. விஷயத்துக்கு வாங்க.]

ஆரம்பம் இரண்டு:

"மழை விடாமல் கொட்டிய அந்த மாலையில், பள்ளி விட்டுத் திரும்பிய சிறுமி உடைந்த பாலத்தின் விளிம்பில் கால் வைத்தாள். அடுத்த கணம் அவளுடைய அலறல்—"

[யாரும் விழல. பதினெட்டு வருஷத்துல ஒருத்தர்கூட விழல, ஏன்னா எல்லாரும் சுத்திப் போறாங்க. ஒருத்தர் விழுந்தாதான் பாலம் போடணுமா?]

இந்தத் திருத்தத்தைப் படித்ததும்தான் எனக்கு உறைத்தது. முப்பது வருஷமாகக் கதை எழுதுகிறேன். யாரையாவது தள்ளிவிடாமல் ஒரு பாலத்தைப் பற்றி எழுத எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

ஆரம்பம் மூன்று. இதில் பொற்கதிர் இல்லை, அலறல் இல்லை.

எங்கள் வார்டை ஒரு கால்வாய் இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. இந்தப் பக்கம் வீடுகள், சந்தை, பேருந்து நிறுத்தம். அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், மருந்தகம், நகராட்சி அலுவலகம். நடுவில் ஒரு நடைபாலம் இருந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழையில் அதன் நடுப்பகுதி மட்டும் இடிந்து தண்ணீரில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு முனையும் அப்படியே நிற்கின்றன. அக்கரைக்குப் போக வேண்டுமானால் பெரிய சாலை வரை நடந்து, சுற்றி வர வேண்டும். வேகமாக நடப்பவருக்கு இருபத்தைந்து நிமிஷம். முட்டி வலிக்காரருக்கு அன்றைய பொழுது போயிற்று.

பாலத்தின் இக்கரை முனையில் அந்தக் கடை. ஒரு கணினி, ஓர் அச்சு இயந்திரம், ஒரு நகலெடுக்கும் இயந்திரம், வாடிக்கையாளர் உட்கார ஒரு பெஞ்சு. பலகையில் "மனுக்கள் எழுதித் தரப்படும்" என்று இருக்கும். அதனால் அவர் ஊருக்கெல்லாம் மனு அக்கா. என்னைவிட மூன்று வயது இளையவர். நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், நாக்கு அப்படிப் பழகிவிட்டது.

அவர் வேலை செய்கிற விதத்தை நீங்கள் பார்க்க வேண்டும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனு எழுத வருகிறவர், தன் கல்யாணத்தில் யார் யார் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதிலிருந்து தொடங்குவார். அக்கா குறுக்கே பேச மாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான்கு வரி தட்டுவார். அந்த நான்கு வரியில் குழாய் மட்டும் இருக்கும். வந்தவருக்கு ஒரு பிரதி, கடையில் தெருவாரியாக வைத்திருக்கும் கோப்பில் ஒரு பிரதி.

அந்த மனுக்களெல்லாம் எங்கள் கவுன்சிலரிடம் போகும். அவர் கெட்டவர் இல்லை. யார் வீட்டுத் துக்கமானாலும் முதலில் வந்து நிற்பார். எந்த மனுவைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கி, முழுதாகப் படித்து, "ஆகட்டும், பாப்போம்" என்பார். அதோடு சரி. அவருக்கு ஆகட்டும் ஐயா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பாலம் இடிந்த மூன்று வருஷத்தில் அதற்காக அக்கா தட்டிய மனுக்கள் நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்றாவதைக் கேட்டு வந்தவர் அக்கரை மருந்தகத்தில் வேலை பார்க்கும் செவிலியர். பாதி தட்டிய அக்கா நிறுத்திவிட்டுக் கேட்டாராம்.

"இத யார்கிட்ட குடுக்கப் போறீங்க?"

"வேற யாரு, ஆகட்டும் ஐயாகிட்டதான்."

"அவரு என்ன சொல்வாரு?"

செவிலியர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. மிச்சத்தையும் தட்டி, அச்சடித்து, கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இதான் கடைசி. இனிமே பாலத்துக்கு மனு தட்ட மாட்டேன். நானே நிக்கிறேன்."

3

முதல் தேர்தல்.

மனிதருக்கு எது கைவருமோ அதைத்தானே செய்வார்கள்? அக்கா தன் பிரசாரத் துண்டறிக்கையையும் மனுவாகவே எழுதிவிட்டார். பெறுநர்: வாக்காளர்கள் அனைவரும். பொருள்: வாக்கு கோருதல் தொடர்பாக. "மேற்படி வார்டில் நடைபாலம் பழுதுற்றுப் பொதுமக்கள் அவதியுறுவதால், தாங்கள் அன்புகூர்ந்து எனக்கு வாக்களிக்குமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள."

அவர் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். அவர்தான் வீடு வீடாகப் போய்க் கொடுத்தார். எங்கள் வார்டுக்காரர்கள் வாங்கிப் பார்த்தார்கள். மனு அக்கா கடைத் தாள், மனு அக்கா கடை எழுத்து, பாலம் பற்றிய விஷயம். என்ன செய்வார்கள்? அடியில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

உண்மையாகத்தான் சொல்கிறேன். முந்நூற்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். சிலர் வீட்டு எண்ணும் எழுதினார்கள். ஒருவர் "இத எந்த ஆபீஸ்ல குடுக்கணும்?" என்று கேட்டாராம். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் அந்தத் தாள்கட்டை மேசைமேல் வைத்துப் பார்த்துப் பூரித்துப் போயிருக்கிறார்கள், முந்நூற்று நாற்பது பேர் நம் பக்கம் என்று.

எண்ணியபோது கிடைத்த வாக்குகள் இருபத்து மூன்று.

ஆகட்டும் ஐயா எப்போதும்போல ஜெயித்தார். பிறகு அக்கா ஒருவரைக் கேட்டார், ஏன் போடவில்லை என்று. அவர் மனசார ஆச்சரியப்பட்டார். "அதான் கையெழுத்து போட்டேனேக்கா. அதுக்கப்புறம் ஓட்டு வேற போடணுமா?"

(அடிக்குறிப்பு போல ஒன்று: அந்த இருபத்து மூன்றில் என் வாக்கும் உண்டு என்பதை இங்கே அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.)

[முதல் தேர்தல்ல உங்க பேரு இந்த வார்டு பட்டியல்லயே இல்ல சார். குடி வந்து மூணு வருஷமாகியும் மாத்தாம வெச்சிருந்தீங்க. மாத்தறதுக்கு மனு நான்தான் தட்டிக் கொடுத்தேன்.]

மறந்துவிட்டேன். நல்ல நினைவுகள் எல்லாம் எனக்கு இப்படித்தான் வந்து சேர்கின்றன.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்திருந்தது.

4

இரண்டாவது தோல்வியைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சம். ஏனென்றால் அதில் என் கையும் இருக்கிறது.

"மனு பாணி வேண்டாம் அக்கா, எடுப்பாக இருக்க வேண்டும்" என்று ஆலோசனை சொன்ன மேதாவி நான்தான். ஒலிபெருக்கி கட்டிய வண்டிக்குப் பதிவு செய்து ஓட்டும் உரையை எழுதிக் கொடுத்தேன். "இதோ வருகிறார்! இருளைக் கிழிக்கும் மின்னலாய், எதிர்ப்பைச் சுழற்றும் சூறாவளியாய்—"

மீதியை எழுத என்னாலேயே முடியவில்லை. அந்த மின்னல், வண்டியின் முன் இருக்கையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பது போல மறைத்துக்கொண்டார். தெருவில் ஒரு பெண் வெளியே வந்து, "இப்பதான் பாப்பா தூங்குச்சு, சூறாவளிய கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லுங்க" என்றாள்.

வாக்குகள் இருநூற்றுப் பதினொன்று. ஆகட்டும் ஐயா அதைப்போல ஆறு மடங்கு வாங்கினார்.

இங்கே ஒரு சந்தேகத்தைச் சொல்ல வேண்டும். இந்த நாயகியை என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. ஒருமுறை தோற்கிறார், மறுநாள் ஒன்பது மணிக்குக் கடை. இன்னொருமுறை தோற்கிறார், மறுநாள் ஒன்பது மணிக்குக் கடை. இவர் என்ன, கல்லா? வாசகர் எப்படி ஒட்டுவார்? அதனால் எழுதினேன்: "அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர்கூட எட்டிப் பார்க்கவில்லை. தோல்வி அவளைத் தீண்ட அஞ்சி—"

[அழுதேன். கடையில இல்ல. ரெண்டாவது தடவ ரிசல்ட் வந்த அன்னிக்கு வேன்ல கடைசி சீட்டுல உக்காந்து அழுதேன். வீட்டுக்காரர் வேன கழுவுற மாதிரி முக்கால் மணி நேரம் வெளியில நின்னாரு. அந்த வேன் அதுக்கு முன்னாடியும் அப்படி சுத்தமா இருந்தது இல்ல, பின்னாடியும் இல்ல.]

இதை நான் எழுதியிருக்க வேண்டும். எனக்குத் தெரியவே தெரியாது.

[இன்னொண்ணு. அந்த வண்டியில போனது நான் இல்ல சார். உங்க கதையில வர்ற யாரோ. அதான் ஜனங்க போடல. அவங்க மேல தப்பில்ல.]

5

மூன்றாவது தேர்தலுக்கு என்னிடம் ஆலோசனை கேட்கவில்லை. பிழைத்தார்.

கடைக் கோப்புகளை எடுத்தார். தெருவாரியாக அடுக்கியிருந்தவை. ஒவ்வொரு வீட்டுக்கும் போய், அந்த வீட்டுக்காரர் எப்போதோ எழுதிக் கொடுத்த மனுவின் நகலை அவர் கையில் கொடுத்தார். பெரியவர் ஒருவர் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் குழாய்க்காக எழுதியது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இவ்வளவு நல்லாவா எழுதியிருக்கேன் நான்?"

"நீங்கதான். பதில் வந்துச்சாங்கய்யா?"

"எங்க வந்துச்சு."

"சரிங்கய்யா. வர்றேன்."

அவ்வளவுதான் பிரசாரம். வாக்குக் கேட்கக்கூட இல்லை. ஆனால் வார்டு முழுக்கப் பேச்சாகிவிட்டது. சந்தையில், நிறுத்தத்தில், எங்கே பார்த்தாலும் ஆளாளுக்குத் தங்கள் மனுவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை அக்காதான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

ஆகட்டும் ஐயா ஆயிரத்து நூற்று எட்டு. மனு அக்கா ஆயிரத்து நூற்று நான்கு.

நான்கு வாக்கில் தோல்வி.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்தது. முதலில் வந்தது யார் தெரியுமா? ஜெயித்தவர். வாக்காளர்களுக்கு நன்றி சொல்லித் துண்டறிக்கை அடிக்க வேண்டுமாம்.

"தப்பா எடுத்துக்காதம்மா. வேற கடைன்னா அக்கரைக்குப் போகணும்."

"அதுக்கென்னங்கய்யா. பாலம் இல்ல, சுத்திதான போகணும். உக்காருங்க."

தட்டிக் கொடுத்தார். அவர் எழுதி வந்ததில் இருந்த ஆறு எழுத்துப் பிழைகளையும் திருத்திக் கொடுத்தார்.

அன்று முழுக்க ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "நான் உங்களுக்குத்தான் போட்டேன்க்கா." அடுத்த வாரங்களிலும் சொன்னார்கள். அக்கா வீட்டுக்காரர் நாட்காட்டியின் பின்பக்கம் கோடு போட்டுக்கொண்டே வந்தார். ஆயிரத்து நானூறைத் தாண்டியதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

இனி நான் சொன்ன உறுத்தல்.

வாக்குச்சாவடி அக்கரைப் பள்ளிக்கூடத்தில். எங்கள் வீட்டில் நான்கு பேர்: நான், என் மனைவி, மாமியார், மைத்துனர். மாமியாருக்கு முட்டி வலி. கார் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அன்று எனக்குக் கதை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, ஒன்பதாம் பக்கம். "பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் சேர்ந்து போவோம், அதுவரைக்கும் யாரும் என்னைக் கூப்பிடாதீங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டேன். பன்னிரண்டு மணிக்கு மனைவி கதவைத் தட்டினாள். இன்னும் அரை மணி என்றேன். மூன்று மணிக்கும் அதையே சொன்னேன். நான் தலையைத் தூக்கியபோது மணி ஐந்தேகால். ஐந்துக்குச் சாவடியை மூடிவிட்டார்கள்.

என் மனைவி கதவருகில் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்தக் கதையாவது முடிஞ்சுதா?"

முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை.

நான்கு வாக்கில் தோற்றார். எங்கள் வீட்டில் நான்கு பேர். மறுநாள் நானும் கடைக்குப் போனேன். வரிசையில் நின்று, அவர் முகத்தைப் பார்த்து, "உங்களுக்குத்தான் போட்டேன் அக்கா" என்றேன்.

இந்தப் பக்கத்தைக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். விசைப்பலகைச் சத்தம் நின்றது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். பிறகு மறுபடி தட்ட ஆரம்பித்தார். அச்சாகி வந்த தாளில் இப்படி இருந்தது.

[ஒண்ணு. நாலு பேரும் வந்திருந்தாலும் நான் ஜெயிச்சிருக்க மாட்டேன். உங்க மாமியார் ஆகட்டும் ஐயாவுக்குத்தான் போடுவாங்க, ஊருக்கே தெரியும். அப்ப எனக்கு மூணு, அவருக்கு ஒண்ணு. ரெண்டு ஓட்டுல தோத்திருப்பேன். நீங்க நினைக்கிற அளவுக்கு நீங்க பெரிய ஆளு இல்ல சார்.]

[ரெண்டு. எனக்கு இது அன்னிக்கே தெரியும். சாவடியில என் பக்கம் ஏஜென்ட்டா உக்காந்திருந்தது எங்க வீட்டுக்காரர். பட்டியல்ல உங்க வீட்டு நாலு பேருக்கும் டிக் விழல. அஞ்சு வருஷமா தெரியும்.]

அஞ்சு வருஷம். அந்த ஐந்து வருஷத்தில் அவர் என்னுடைய பதினாறு கதைகளைத் தட்டிக் கொடுத்திருக்கிறார். ஒருநாளும் முகம் மாறியதில்லை.

[மூணு. ஆயிரத்து நானூறு பேர்ல, போடலன்னு வாய விட்டுச் சொன்ன முதல் ஆளு நீங்கதான். அதுக்கு சந்தோஷம்.]

[நாலு. அந்தப் பட்டியல்ல டிக் விழாத ஆளுங்க இருநூத்தி அறுபத்தி எட்டு. முக்கால்வாசி இக்கரை. என்மேல பிடிப்பு இல்லன்னு நினைச்சுட்டு இருந்தேன். இந்தப் பக்கத்த தட்டினப்பதான் புரிஞ்சுது. அவங்களுக்கு வர வழி இல்ல. கொஞ்சம் இருங்க, வீட்டுக்காரரக் கூப்பிட்டுட்டு வர்றேன்.]

6

தேர்தலுக்கு நான்கு நாள் இருக்கும்போது, கதையை எப்படியாவது முடித்துவிடலாம் என்று இரண்டு முடிவுகளை எழுதிக்கொண்டு போனேன்.

முடிவு அ: "வெற்றி! வெற்றி! மாலைகள் குவிய, மனு அக்கா கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தாள். அவள் கண்களில்—"

[எண்ணாம ஜெயிச்சேன்னு தட்ட மாட்டேன். பொய் மனு நான் தட்டினதே இல்ல.]

முடிவு ஆ: "மீண்டும் தோல்வி. மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்தது."

[இத தட்டிட்டேன். மூணு தடவ பழகின கை, தானா போகுது. ஆனா எனக்குப் பிடிக்கல சார். நான் தோக்கறதுக்கு நிக்கல. தோத்தாலும் கடை திறக்கிற ஆளுன்னு ஊர்ல நல்ல பேரு வாங்கியாச்சு. அந்தப் பேர வெச்சுகிட்டு அக்கரைக்குப் போக முடியாது. எனக்குப் பாலம் வேணும்.]

இதைப் படித்தபோதுதான் பதினைந்து வருஷமாக நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தது தெரிந்தது. தோல்வியைத் தாங்குகிற பெண் என்று அவரை அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அந்த அழகில் துளி ஆசை கிடையாது.

7

வாக்குப்பதிவு நாள்.

வேட்பாளர் வாக்காளரைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது, விதி. வேனை எடுக்கக் கூடாது, அதுவும் விதி. அக்கா விதி தவற மாட்டார். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து நடந்து போவதற்கு எந்த விதி குறுக்கே நிற்கும்? அந்த இருநூற்று அறுபத்தெட்டுப் பேர் வீட்டுக்கும் யார் போய்ச் சொன்னது என்று நினைக்கிறீர்கள்? என் மனைவி. ஐந்தாம் பகுதியைப் படித்துவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு போய், அக்காவிடம் அந்தப் பட்டியலை வாங்கிக்கொண்டு கிளம்பியவள், நான்கு நாளும் அலைந்தாள்.

"காலைல ஏழு மணிக்குப் பாலத்துகிட்ட வாங்க. யாருக்கு வேணா போடுங்க. சேர்ந்து நடப்போம், அவ்வளவுதான்."

ஏழு மணிக்கு இடிந்த பாலத்தின் முனையில் நூற்றைம்பது பேர் நின்றார்கள். கைத்தடிகள், குடைகள், கைக்குழந்தைகள். மாமியார் கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, யாரிடமோ கேட்டு வாங்கிய சக்கர நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். தள்ளியது நான். வேறு யாருக்கு அந்த உரிமை?

"மாப்பிள்ள, இன்னிக்கு பை எதுவும் கொண்டு வரலையே?"

"இல்லத்தே."

"பேப்பர், பேனா?"

"இல்லத்தே."

"அப்ப தள்ளுங்க."

பெரிய சாலை வரை போய்ச் சுற்றி வருவதற்குள் கூட்டம் இருநூறைத் தாண்டிவிட்டது. வழியில் இருந்த வீடுகளிலிருந்து ஆட்கள் என்ன விஷயம் என்று கேட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்கள். நடக்க முடியாதவர்களுக்காக எல்லோரும் மெதுவாக நடந்தோம். ஐம்பது நிமிஷம் ஆயிற்று. நடந்த ஐம்பது நிமிஷமும் பேச்சு ஒன்றே ஒன்றுதான், பாலம் இருந்தால் இது மூன்று நிமிஷம் என்று. இதைவிட நல்ல பிரசாரத்தை எவரால் செய்ய முடியும்? ஒருவரும் திட்டமிடவில்லை. மாமியார் மட்டும் நடுவில் ஒருதரம் சொன்னார்: "அந்த ஆகட்டும் என் முட்டிய வந்து பாக்கட்டும்."

இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடக் கூடத்தில் எண்ணினார்கள். பகல் பன்னிரண்டரைக்கு அதிகாரி தாளைப் பார்த்துப் படித்தார். சத்தமாகக்கூடப் படிக்கவில்லை.

ஆகட்டும் ஐயா ஆயிரத்து எழுபத்தொன்பது. மனு அக்கா ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.

முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கில் வெற்றி.

நான் கத்தினேன். கூச்சமில்லாமல் சொல்கிறேன், தொண்டை கிழியக் கத்தினேன். என் மனைவி என் தோளில் ஓங்கி அடித்துவிட்டு அழுதாள். வெளியே வேன் பக்கத்தில் நின்றிருந்த அக்கா வீட்டுக்காரர் விஷயம் கேட்டதும் வேனின் பின்கதவைத் திறந்து வைத்தார். அக்கா வந்து எட்டிப் பார்த்தார். கடைசி சீட்டு.

"இன்னிக்கு வேணாம்," என்றார். முன்னால் போய் உட்கார்ந்தார். ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு வார்டு முழுக்கப் போனார். தெருவெங்கும் கையசைத்தார்கள், அவரும் அசைத்தார். ஒலிபெருக்கி ஏதும் இல்லை.

[இதுல திருத்தம் இல்ல.]

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்தது. முதல் ஆள் ஆகட்டும் ஐயா. பெஞ்சில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"எங்க தெருவுல விளக்கு ரெண்டு வருஷமா எரியலம்மா. ஒரு மனு தட்டணும்."

"யாருக்குங்கய்யா?"

அவர் பலகையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "கவுன்சிலருக்குதான்."

அக்கா நான்கு வரி தட்டி அவருக்கு ஒரு பிரதி கொடுத்தார். ஒரு பிரதியைத் தானே வாங்கிக்கொண்டார். பிறகு இன்னொரு தாளைப் போட்டுப் பதிலையும் தட்டி, கையெழுத்திட்டு, அதையும் அவர் கையில் கொடுத்தார். எங்கள் வார்டில் ஒரு மனுவுக்குப் பதில் கிடைத்தது அதுதான் முதல் தடவை. மனிதர் அதை இரண்டு கையாலும் வாங்கி, முழுதாகப் படித்தார். வழக்கமான வார்த்தை வாய் வரை வந்தது தெரிந்தது. விழுங்கிக்கொண்டு, "நல்லதும்மா" என்றார்.

8

முடிவு அ நிஜமாகிவிட்டது, ஆனால் எழுதியபடி இல்லை. முடிவு ஆவைக் கிழித்துப் போட்டாயிற்று. எனக்கு முடிவு இ ஒன்று இருக்கிறது: "பாலம் திறக்கப்பட்டது. முதலில் நடந்தவர்—"

[கட்டி முடிக்காம திறந்துட்டேன்னு எப்படி சார் தட்டுவேன்?]

கேட்பது நியாயம். பதவி ஏற்று ஏழு மாசம். ஐந்து மாசம் அலைந்து, அனுமதி வாங்கி, பழைய பாலத்தின் இரண்டு முனைகளையும் இடிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். கடை வாசலில் காதைப் பிளக்கிற சத்தம், எங்கும் தூசி. "பணி நடைபெறுகிறது. சுற்றிச் செல்லவும்" என்று பலகை வைத்திருக்கிறார்கள். பதினெட்டு வருஷமாகச் சுற்றித்தான் போகிறோம். ஆனாலும் தினமும் ஆட்கள் அந்தப் பலகை முன்னால் வந்து நின்று, ஒரு தடவை படித்துவிட்டு, அகமகிழ்ந்து சுற்றிப் போகிறார்கள்.

நேற்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. அன்று பாலத்துக்கு மனு கொடுத்த நாற்பத்து மூன்று பேருக்கும் வந்திருக்கிறது. என்னுடையதில் எண் ஒன்று என்று போட்டிருந்தது. பாலத்துக்காக முதல் மனு கொடுத்தவன் நான்தானாம். புதிதாகக் குடி வந்த வேகத்தில் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். அவர் அதை நான்கு வரியாக்கித் தட்டியிருக்கிறார். கொடுத்ததோடு நான் மறந்துவிட்டேன். பதிலும் நான்கு வரிதான்.

"பார்வை: பதினெட்டு ஆண்டுகளுக்கு முந்தைய தங்கள் மனு. மேற்படி மனு ஏற்கப்பட்டது. பணி தொடங்கிவிட்டது. தாமதத்துக்கு வருந்துகிறேன்."

வருந்த வேண்டியவன் யார் என்று எனக்குத் தெரியும். தாளை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். இதுதான் முடிவு அக்கா, இதோடு முடித்துவிடுவோம் என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை. கடைசிப் பக்கத்தை இப்படித் தட்டி என் கையில் கொடுத்துவிட்டார். கை வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் அப்படியே விடுகிறேன்.

முடிவு: ..........................................................

[வாசகர் பூர்த்தி செய்யவும். செஞ்சத கடைக்குக் கொண்டு வந்தா தட்டித் தர்றேன். ஒன்பது மணிக்குத் திறந்திருக்கும். அக்கரையில இருக்கறவங்க இன்னும் நாலு மாசம் சுத்தி வரணும். அதுக்கப்புறம் நேரா வாங்க.]